முப்பது நாளும் மாமாவின் கஞ்சி

சிகாமட்
15.12.2024

அன்பு மருமகள் மெகருன்னிசாவுக்கு உன் தாய்மாமன் சேகு அலாவுதீன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் மாமியும், கடையில் ஓடாத அந்த ஒரு விசிறியைத் தவிர மற்ற எல்லாமும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். ஜொகூர் பாருவில் உன் உடம்பு எப்படி? விடியுமுன் எழுந்து பாலம் தாண்டி சிங்கப்பூர் ஃபேக்டரிக்குப் போகிறவள் நீ. பஸ்ஸில் வாயை மூடிக்கொண்டு தூங்கு. காற்று உள்ளே போனால் நுரையீரல் சுருங்கிவிடும். இது டாக்டர்களே என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட விஷயம்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நீ குறுக்கே பேசுகிறாய். கடிதத்தில் முழுசாக நானே பேசலாம்.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று நம் தொழுகைக் கூடத்தில், சூராவில், கூட்டம். வரும் நோன்புக்குக் கஞ்சி யார் யார் போடுவது என்று பேச்சு. வருஷாவருஷம் நாளுக்கு ஒரு குடும்பம் என்று கரும்பலகையில் எழுதுவார்கள். அந்தந்த நாள் அந்தந்தக் குடும்பம் பிள்ளைகுட்டியோடு வந்து வெங்காயம் உரித்து, இஞ்சி இடித்து, அண்டாவைக் கிண்டி, ஒரே சந்தைக்கடை. நான் எழுந்து நின்றேன். "முப்பது நாளும் என் பேர்ல எழுதுங்க" என்றேன்.

செயலாளர் கையிலிருந்த சாக்பீஸ் கீழே விழுந்து மூன்று துண்டானது. ஜவுளிக் கடை பசீர் வாயைப் பிளந்துவிட்டார்.

"அலமாக்! எல்லாமா பாய்?"

"எல்லாந்தான் லா. அரிசியும் என்னுது, ஆட்டெலும்பும் என்னுது, கஷ்டமும் என்னுது. நீங்க கிண்ணத்த மட்டும் கொண்டாங்க."

தொழவைக்கிற ஹஜ்ரத் ஒன்றும் சொல்லவில்லை. சந்தோஷத்தில் நா எழவில்லை போலிருக்கிறது. நன்மையில் முந்திக்கொள்ளச் சொல்கிறது மார்க்கம். முந்துவது என்றால் பின்னால் வருகிறவனுக்கு இடம் விடாமல் ஓடுவதுதானே? எனக்கு அரபு அதிகம் தெரியாவிட்டாலும் அதன் உள்ளர்த்தம் பிடிபடும். பிறவியிலேயே அப்படி.

பதில் போடு. துஆவில் மறக்காதே.

உன் மாமா,
சேகு அலாவுதீன்


ஜொகூர் பாரு
5.1.2025

அன்புள்ள மாமாவுக்கு, வ அலைக்குமுஸ் ஸலாம். நான் சுகமாக இருக்கிறேன். மாமியின் முழங்கால் வலி குறைந்ததா? நீங்கள் எழுதவே இல்லையே.

உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். பிறகு ஒன்று நினைவுக்கு வந்தது.

உம்மா மௌத்தான பிறகு வருகிற முதல் நோன்பு இது. உங்களுக்குத் தெரியும், இருபத்தோராவது நோன்புக் கஞ்சி எப்போதும் உம்மாவுடையது. முதல் நாளையும் இருபத்தேழையும் எல்லாரும் போட்டி போட்டு எடுப்பார்கள், கடைசிப் பத்தில் ஆள் குறையும், அப்போதுதான் அடுப்படியில் ஆள் வேண்டும் என்று உம்மா அந்த நாளைக் கேட்டு வாங்கினார். ஒவ்வொரு நாளும் சோற்றுக்கு அரிசி களையும்முன் ஒரு பிடி எடுத்துப் பிஸ்கட் டின்னில் போடுவார். அந்த அரிசிதான் அன்றைய கஞ்சி. பலகையில்கூடத் தன் பெயரை எழுத விட்டதில்லை. அல்லாஹ்வின் அடிமை என்று மலாயில் ‘ஹம்பா அல்லாஹ்’ என்றுதான் எழுதச் சொல்வார்.

உம்மா போன பிறகு அந்தப் பிடியை நான் நிறுத்தவில்லை. டின் நிறையப்போகிறது. அந்த ஒரு நாளை மட்டும் எனக்கு விடுங்கள் மாமா. இந்த வருஷம் உம்மாவுக்காக நானே வந்து கிண்ட வேண்டும். வேறு எதுவும் கேட்கவில்லை.

மாமிக்கு என் ஸலாம்.

மெகருன்னிசா


சிகாமட்
14.1.2025

அன்பு மருமகளுக்கு மாமாவின் ஸலாம். உன் கடிதம் கிடைத்தது. மாமியின் முழங்கால் இப்போது ஓடுகிறது. நான் காய்ச்சிய எண்ணெய்தான். மூவாரிலிருந்தெல்லாம் ஆள் அனுப்பிக் கேட்கிறார்கள்.

இங்கே நல்ல மழை. ஆற்றில் தண்ணீர் ஏறியது. நான் பாலத்தில் நின்று ஒரு பார்வை பார்த்தேன், இறங்கிவிட்டது. பேனர் அடிக்கக் கொடுத்தாகிவிட்டது. சூராவ் வாசல் அகலத்துக்கு இருக்கும். ஒரு பக்கம் மினாரா, ஒரு பக்கம் நான். நடுவில், ‘முப்பது நாள் நோன்புக் கஞ்சி உபயம்’ என்று தமிழிலும் மலாயிலும். பெயருக்கு முன்னால் ‘ஹாஜி’ போட்டுவிட்டான் அச்சடிக்கிற பையன். நான் உம்ராதான் போயிருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். அவனைத் திருத்தச் சொன்னால் பாவம், மனசு கஷ்டப்படுவான். எப்படியும் ஹஜ்ஜுக்குப் போகத்தானே போகிறேன்.

பழைய அண்டாவை ஒதுக்கிவிட்டுப் புது அண்டா வாங்கியிருக்கிறேன். அதற்குள் நான் நின்றால் தொப்பி மட்டும்தான் வெளியே தெரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள். வைட்டமின் சாப்பிடு.

உன் மாமா,
சேகு அலாவுதீன்


ஜொகூர் பாரு
9.2.2025

மாமாவுக்கு ஸலாம். சளி பிடித்திருந்தது, இப்போது சரியாகிவிட்டது.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஆறு, அண்டா, பேனர் எல்லாம் இருக்கிறது. நான் கேட்டதற்குப் பதில் இல்லை. நோன்புக்கு இன்னும் சில வாரம்தான் இருக்கிறது. ஃபேக்டரியில் முன்கூட்டியே சொன்னால்தான் ஷிஃப்ட்டை மாற்றிக் கொடுப்பார்கள்.

அந்த ஒரு நாள், மாமா.

மெகருன்னிசா


சிகாமட்
16.2.2025

அன்பு மருமகளுக்கு ஸலாம். சளிக்கு மிளகு ரசம் குடி. மாமிக்கும் எனக்கும் சுகம்.

நீ சின்னப் பிள்ளை, அதனால் விளங்கச் சொல்கிறேன். முப்பது என்பது ஒரு தஸ்பீஹ் மாலை மாதிரி. ஒரு மணியை உருவினால் மாலையே கொட்டிப் போகும். முப்பதில் ஒன்று போனால் அது இருபத்தொன்பது. ‘இருபத்தொன்பது நாள் உபயம்’ என்று யாராவது பேனர் அடிப்பார்களா? அடித்தும் ஆகிவிட்டது.

உன் உம்மா எனக்குக் கூடப்பிறந்தவள். நான் போடுகிற கஞ்சியில் அவளுக்கும் நன்மை போய்ச் சேரும் என்று துஆ கேட்டுவிடுகிறேன். அரிசியை பஸ்ஸில் போட்டுவிடு, என் அண்டாவில் கலந்துவிடலாம். ஷிஃப்ட்டை மாற்றி நீ அலைய வேண்டியதில்லை. அவள் நாளில் பெயர்கூட எழுதாமல் போட்டாள், யாருக்குத் தெரிந்தது சொல்லு? இப்போது ஊருக்கே தெரியும்படி சேர்த்துச் செய்கிறேன். அவளுக்குப் பெருமைதானே.

உன் மாமா,
சேகு அலாவுதீன்


ஜொகூர் பாரு
21.2.2025

மாமாவுக்கு ஸலாம்.

சரி. அரிசியை அனுப்பவில்லை. அது உங்கள் அண்டாவுக்காக எடுத்து வைத்ததில்லை.

நோன்பு நல்லபடியாக அமையட்டும்.

மெகருன்னிசா


சிகாமட்
6.3.2025

அன்பு மருமகளுக்கு மாமாவின் நோன்புக்கால ஸலாம். நோன்பு உனக்கு எப்படிப் போகிறது? எனக்குப் பசியே தெரியவில்லை. உடம்பே பழகிவிட்டது.

முதல் நாள் கஞ்சிக்கு வந்த கூட்டத்தை நீ பார்த்திருக்க வேண்டும். வரிசை பஸ் ஸ்டேஷன் வரை நின்றது. போலீஸ் வந்து ரோட்டை மூடலாமா என்று என்னிடம் கேட்டார்கள். சீனர், மலாய்க்காரர், நம் இந்துச் சனங்கள், எல்லார் கையிலும் தூக்குச்சட்டி. சாஆ ஊர்த் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நம் ஐயாசாமி, சூராவுக்குப் பின்வீட்டுக்காரர், அவர்தான் வழக்கம்போல் வரிசையில் முதல் ஆள்.

நேற்றிரவு தராவீஹ் தொழுகை முடிந்து ஹஜ்ரத் பயான் செய்தார். பசித்த இரண்டு ஓநாய்களை ஆட்டு மந்தைக்குள் விட்டால் எவ்வளவு நாசம் செய்யும்? மனுசன் பொருளுக்கும் பெயருக்கும் பேராசைப்படுவது அவனுடைய மார்க்கத்தை அதைவிட அதிகமாக நாசம் செய்யும் என்று நபிகள் நாயகம் எச்சரித்திருக்கிறார்களாம். கேட்டதும் எனக்குப் புரிந்துவிட்டது, பசீரைத்தான் குறி வைத்துச் சொல்கிறார். ஜவுளிக் கடை வைத்திருப்பவர், பக்கத்துக் கடையையும் வாங்கப் பார்க்கிறார். வாசலில் அவரைப் பிடித்து இன்னும் விளக்கமாகச் சொன்னேன். சிகாமட்டில் ஓநாய் ஏது, அதனால் அதைப் புலி என்று மாற்றிக்கொண்டேன்.

"ஒங்க மந்தையில ரெண்டு புலி நிக்குது பசீரு, பாத்துக்குங்க."

"எனக்கு ஒண்ணுதான் பாய் தெரியுது. பேனர்ல நிக்குது," என்றார்.

பொறாமை. வேறென்ன?

பதில் போடு. நோன்பு நேரத்தில் மாமனிடம் முகத்தைத் தூக்கி வைத்திருக்கக் கூடாது.

உன் மாமா,
சேகு அலாவுதீன்


சிகாமட்
13.3.2025

மருமகளுக்கு ஸலாம். உன்னிடமிருந்து கடிதம் இல்லை. தபால்காரனைக் கேட்டேன். ஜொகூர் பாருவிலிருந்து எல்லாருக்கும் கடிதம் வருகிறதாம்.

இங்கே எல்லாம் பிரமாதம். ஒன்றே ஒன்று, அடுப்படியில் ஆள் இல்லை. முன்பு வெங்காயம் உரிக்கப் பத்துப் பேர் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். இப்போது நானும் கடைப் பையன்கள் இரண்டு பேரும்தான். செயலாளரின் மனைவியைக் கூப்பிட்டேன். "ஒங்க கஞ்சிதானே மாமா, நாங்க வந்து தொட்டா கொறஞ்சிடும்," என்கிறாள். பரவாயில்லை. தனியாளாகக் கிண்டுவதில் கைக்கு நல்ல பலம்.

வரிசையும் முன்பு மாதிரி இல்லை. அதுவும் நல்லதுக்குத்தான், எல்லாருக்கும் இரண்டு கரண்டி கிடைக்கிறது. நேற்று ஐயாசாமி தூக்குச்சட்டியை மூடிக்கொண்டே சொன்னார்.

"என்னா பாய், இந்த வருசம் கஞ்சி தெனமும் ஒரே ஆளு ருசியா இருக்கு?"

"நல்லாருக்கா இல்லியா, அதச் சொல்லு."

"நல்லாத்தான் இருக்கு. முந்தி ஒரு நாளு பசீரு வீட்டு மசாலா, ஒரு நாளு ஒங்க தங்கச்சி வீட்டு வெந்தயம். நாளைக்கி யாரு வீட்டுதுன்னு காத்துக்கிட்டிருப்பேன். இப்ப காத்திருக்க ஒண்ணுமில்ல லா."

அவர் கஞ்சிக்கு விமர்சகர் ஆகிவிட்டார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்தி மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு சுன்னத்துத் தொழுதுகொண்டிருந்தேன். ஸலாம் கொடுத்து முடித்ததும் பக்கத்திலிருந்தவர் என் காதோடு, "பாய், தொழுகையில எண்பத்தாறு கிண்ணம்னு சொன்னீங்க," என்றார். பார், தொழுகையில்கூட மக்களுக்குச் சேவை செய்கிறது என் மனசு! இதை ஹஜ்ரத்திடம் பெருமையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"அப்ப தொழுகையில என்னா ஓதினீங்க?"

யோசித்தேன். நினைவில்லை.

"நன்மையில ஆசைப்படலாம்னுதானே இருக்கு, ஹஜ்ரத்?"

"நன்மைக்கு ஆசைப்படுறவரு, பக்கத்துல இன்னொருத்தரும் செஞ்சா சந்தோசப்படுவாரு. ஒங்களுக்கு வலிக்குது. அப்ப நீங்க ஆசைப்பட்டது வேற."

"டிசம்பர் மாசக் கூட்டத்துலயே சொல்லியிருக்கலாமே?"

"காது இருந்தாத்தானே பாய் சொல்றது. ஓநாய் வெளியில நிக்கிற வரைக்கும் சத்தம் போடும். உள்ள வந்துட்டா சத்தம் கேக்காது. ஓதினது மறந்து போகும், அவ்வளவுதான் தெரியும்."

நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மாமி சுகம். உன் உடம்பு எப்படி என்று நீ எழுதவில்லை.

சேகு அலாவுதீன்


சிகாமட்
17.3.2025
விரைவுத் தபால்

மெகரு, ஸலாம்.

கடையில் வியாபாரம் தாங்க முடியவில்லை. கோலாலம்பூரிலிருந்தெல்லாம் நோன்பு திறக்க என் கடைக்குத்தான் வருகிறார்கள். எனக்கு அண்டா பக்கம் போக நேரமில்லை. ஆகவே கடைசிப் பத்தும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டேன். பசீர் ஓடி வந்து எடுத்துக்கொண்டார், மற்றவர்களும்தான்.

சனிக்கிழமை, இருபத்தோராவது நோன்பு. அதை யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று செயலாளரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். காலை பஸ்ஸில் வந்தால் சரியாக இருக்கும். வருவதும் வராததும் உன் இஷ்டம். டின்னில் வண்டு விழுந்திருந்தால் வெயிலில் காயவை.

மாமா


ஜொகூர் பாரு
25.3.2025

அன்புள்ள மாமாவுக்கு ஸலாம். நான் சுகம். உங்கள் காய்ச்சல் எப்படி இருக்கிறது?

சனிக்கிழமை பகல் பன்னிரண்டுக்கு முன்பே டின்னோடு சூராவ் வந்து சேர்ந்தேன். வாசலில் பேனர் இல்லை. கட்டியிருந்த கயிற்றுத் துண்டு மட்டும் ஆணியில் தொங்கியது. அடுப்படியில் பசீர் மாமா வீட்டுப் பெண்கள், செயலாளர் மனைவி, இன்னும் பத்துப் பேர். உம்மாவைப் பற்றிப் பேசிக்கொண்டே அரிசி களைந்தோம். உரித்த வெங்காயமும் பூண்டும் ஈரத்துணி போட்டு மூடி ஏற்கெனவே தயாராக இருந்தன. அடுப்பில் உட்கார்ந்திருந்தது உங்கள் புது அண்டா இல்லை, பழையது. உம்மா கிண்டிய அண்டா. யாரோ தேடி எடுத்து விளக்கி வைத்திருந்தார்கள். இதெல்லாம் யார் செய்தது என்று கேட்டால் ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள்.

"மாமா எங்க மாமி?"

"காய்ச்சல். படுத்திருக்காரு," என்றார் மாமி, சுவரைப் பார்த்துக்கொண்டு.

நானே கிண்டினேன். கை ஓய்ந்துவிட்டது. நோன்பு திறக்கும்போது எல்லாரும் உம்மாவுக்காகக் கையேந்தினார்கள். எனக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஐயாசாமி அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"காய்ச்சக்காரரு விடியகாலையில இருந்து ஒக்காந்து வெங்காயம் உரிச்சாரும்மா. கண்ணுல தண்ணியா கொட்டுது. யாரு கேட்டாலும் எனக்குக் காய்ச்சன்னு சொல்லுன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

"அப்பறம் என்கிட்ட ஏன் சொல்றீங்க?"

"யாரு கேட்டாலுந்தானே சொல்லக்கூடாது? நீ கேக்கவே இல்லியே."

மஃரிபு முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு பின்கட்டில் தேய்க்கிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். கைலியை மடித்துக் கட்டிய ஒருவர் தோள் வரைக்கும் அண்டாவுக்குள் குனிந்து அடிப்பிடித்ததைச் சுரண்டிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து ஓதுகிற சத்தமும் வந்தது. யாஸீன், உம்மா மௌத்தானபோது வீட்டில் எல்லாரும் ஓதியது. ஒரு இடத்தில் தடுமாறி, திரும்ப முதலிலிருந்து ஓதினார். நான் கூப்பிடவில்லை. முடியும்வரை கதவருகே நின்றுவிட்டு பஸ்ஸுக்கு வந்துவிட்டேன்.

அது நீங்கள்தானே மாமா? ஒரே ஒரு வரி எழுதுங்கள், போதும்.

மாமிக்கு ஸலாம்.

மெகரு


சிகாமட்
3.4.2025

என் அன்பு மருமகள் மெகருன்னிசாவுக்கு மாமாவின் ஸலாமும் பெருநாள் வாழ்த்தும். மாமியும் நானும் சுகம். பெருநாளுக்கு மாமி செய்த ரெண்டாங் கறியைத் தின்றுவிட்டு ஐயாசாமி எழுந்திருக்க முடியாமல் இரண்டு பேர் தூக்கிவிட்டோம்.

என் காய்ச்சலைப் பற்றிக் கேட்டிருந்தாய். சொல்கிறேன். அது சாதாரணக் காய்ச்சல் இல்லை. நூற்றுப்பத்துக்கு மேல் போனது. தெர்மாமீட்டர் வெடித்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து பெரிய டாக்டர் வந்து, இந்தச் சூட்டில் ஒரு மனுசன் பிழைத்ததைத் தன் சர்வீஸில் பார்த்ததில்லை என்றார். நெற்றியில் வைத்த ஈரத்துணி ஆவியாகப் போனதை மாமி கண்ணால் பார்த்தாள், வேண்டுமானால் அவளைக் கேள். ஆனால் நோன்பை விட்டேனா? விடவில்லை. அசையாமல் கட்டிலில் கிடந்தேன், காலையிலிருந்து இரவு வரைக்கும்.

ஆகவே ஐயாசாமி யாரைப் பார்த்தாரோ தெரியாது. அவருக்குக் கண்ணில் பூ விழுந்து ரொம்ப நாளாகிறது. பின்கட்டில் நீ பார்த்த ஆளும் யாரோ. சூராவுக்கு எத்தனையோ பேர் வருவார்கள், போவார்கள். கைலி கட்டாதவன் சிகாமட்டில் யார் இருக்கிறான்?

உன் உம்மாவின் கஞ்சி நன்றாக இருந்தது என்று ஊரில் இன்னும் பேசுகிறார்கள். எனக்குத் தெரியாது. நான்தான் அங்கே இல்லையே.

இதைப் பற்றி இனிமேல் கேட்காதே. வேறு எதைப் பற்றி வேண்டுமானாலும் கேள், விவரமாக எழுதுகிறேன்.

உன் மாமா,
சேகு அலாவுதீன்